மஞ்சள் கேனில் கடல் தண்ணீர்

கடல் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிய ஒரே பெண் என் அம்மாவாகத்தான் இருக்கும். சமையல் எண்ணெய் வாங்கிய பழைய மஞ்சள் கேன் அது. முகத்துவாரத்துக்குப் போய், முட்டி வரை இறங்கி, அலை தெளிந்த நேரமாகப் பார்த்துப் பிடித்தாள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், அப்புறம் ஆட்டோ. எல்லாவற்றிலும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மருத்துவமனை வாசலில் காவலாளி "இன்னாம்மா அது?" என்று கேட்டதற்கு, "காய்ச்சின தண்ணிப்பா, புள்ளைக்கு" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். அவர் விட்டுவிட்டார். அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது அந்தக் கேனை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் குப்பத்தில் கடல் தண்ணீர்தான் முதல் மருந்து. நண்டு கவ்வினாலும், கயிறு உள்ளங்கையை அறுத்தாலும், கெளுத்தி முள் குத்தினாலும், கொண்டுபோய்க் கடலில் வை என்பார்கள். எரியும். எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். அப்பா இருந்தவரை அவர் காலில் ஆறாத புண் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு அம்மா மீன் கூடை தூக்கினாள், தம்பி வலைக்குப் போனான், நான் பழவேற்காடு பஜாரில் ஒரு மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பஜார் முழுக்கத் தெரியும். அளவு ஜாக்கெட் கொடுக்காமல் "ஒங்களுக்கே தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தம்பியின் காலில் குத்தியது திருக்கை மீன். வலையை உதறும்போது அதைக் காலால் தள்ளியிருக்கிறான். அது வாலைச் சுழற்றி ஆடுசதையில் முள்ளை ஏற்றிவிட்டது. அவனே பிடுங்கிப் போட்டுவிட்டு, கடலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வீங்கியது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினான். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஏனென்றால் ஏரியில் எங்களுக்குப் பாடு வந்துவிட்டது. ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர் ஊராக முறை வைத்துத்தான் இடம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்த நாளில் வீட்டில் படுத்துக் கிடப்பவனை எங்கள் பக்கத்தில் ஆம்பளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"காலு போனா அடுத்த பாட்டுக்கு இன்னாத்த வச்சிக்கினு எறங்குவ?" என்று கத்தினேன்.

"சும்மா கெடக்கா. அந்த மாத்திர ஒடம்புக்குச் சூடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கால் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பொன்னேரியில் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சதையைத் திறந்து, கெட்டதை வெட்டியெடுத்து, கழுவிக் கட்டினார்கள். "நல்ல நேரத்துல கொண்டுவந்துட்டீங்க. பையன் நடந்துடுவான்" என்று அறுவை டாக்டர் சொன்னார். அம்மா அங்கேயே முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் உயிர் வந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆண்கள் வார்டு அது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு காட்டூர்க்காரர் இருந்தார். எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம்தான் காட்டூர். விவசாயம் பார்க்கிறவர். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தையல்காரி கண்ணால் பார்த்தால் அருமையான வேலை, ஒரே அளவு, ஒரே இழுப்பு. அவர் மனைவிக்குக் கைக்குழந்தை. குழந்தையை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் அந்தப் பெண் எப்போதாவது வந்து, வாசலில் யாரிடமாவது பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடுவாள். மற்ற நேரத்தில் அவருக்கு யாரும் இல்லை. வார்டு முழுக்க ஒரே ஒரு சிஸ்டர். அந்தச் சிஸ்டருக்கே உட்கார நேரமில்லை, இவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க நேரம் எங்கிருந்து வரும்?

இங்கே எங்கள் கரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகு கரைக்கு வந்தால் அது யாருடைய படகு என்று நாங்கள் பார்ப்பதில்லை. கரையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கயிற்றில் கை வைக்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத குடும்பத்துப் படகாக இருந்தாலும் இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களை "இன்னா, கை தேஞ்சிடுமா?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அம்மா அந்தக் கரையில் பிறந்து, அந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தாகத்துக்குத் தவிக்கும்போது அவளால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

முதலில் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் கஞ்சி ஊட்டினாள். அப்புறம் சிறுநீர்ப் பையைக் காலி செய்தாள், முதுகைத் துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். "இன்னா நைனா, எப்டிக்கீற? வலிக்குதா?" என்று தம்பியைக் கேட்கிற அதே குரலில் அவரையும் கேட்பாள். அவர் அவளைப் பெரிம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். வார்டே அவளைக் கூப்பிட ஆரம்பித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல இப்போது வாய் கூசுகிறது. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா ஊருக்கு ஒரு நடை போய்க் கேனோடு வந்தாள். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் அம்மா ஒரு பழைய வேட்டித் துணியை நனைத்துத் தம்பியின் கட்டைச் சுற்றித் துடைப்பாள். துணியை மறுபடியும் கேனுக்குள் விட்டு நனைப்பாள், பிழிவாள், அடுத்த கட்டிலுக்குப் போவாள். "கட்டு ஓரமா அரிக்குது பெரிம்மா" என்பார் காட்டூர்க்காரர். துடைத்ததும், "ஆ, சில்லுனு கீது" என்று கண்ணை மூடிக்கொள்வார். கட்டில் காலில் கைக்குத் தேய்க்கும் மருந்து பாட்டில் ஒன்று தொங்கியது. நான் போன நாளிலிருந்து அதை அழுத்தினால் காற்றுதான் வந்தது. கை கழுவும் தொட்டியில் சோப்பு இல்லை. குழாயடியில் அழுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். நான் ஒருமுறை கேட்டேன். "எழுதிப் போட்டிருக்கோம்மா" என்றார்கள்.

பிறகு தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நடுங்கி, பல் கிட்டி, கட்டிலே ஆடும் அளவுக்குக் காய்ச்சல். ஆறிக்கொண்டிருந்த புண்ணிலிருந்து பச்சையாக நீர் வந்தது. ஊசியை மாற்றினார்கள். அடங்கவில்லை. இன்னொன்று போட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு புது டாக்டர் வந்தார். கிருமித் தொற்றுக்கென்றே படித்த டாக்டர், என்னைவிட வயது குறைந்த பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்துக்கு அடங்காத கிருமி வந்திருக்கு. நம்ம கிட்ட இருக்கிற மருந்துல ஏறக்குறைய எதுவுமே இதுகிட்ட வேலை செய்யாது. ஒண்ணுதான் பாக்கி இருக்கு. பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஆனா வேற வழி இல்ல. அதுவும் கேட்கலைன்னா முட்டிக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்."

எடுக்க வேண்டியிருக்கும். பையை எடு, குடையை எடு என்பது போல. ஒற்றைக்காலோடு எவன் படகில் நிற்பான்? கடலைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்?

"ஏரித் தண்ணில இருந்து வந்துச்சா டாக்டர்? திருக்கை முள்ளுல இருந்தா?"

"இல்லம்மா. இது வெளிய இருந்து வர்ற கிருமி இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கிற கிருமி."

"ஆஸ்பத்திரினா? எந்த ஆஸ்பத்திரி?"

அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "இங்கதான்" என்றார்.

சண்டை போடுவதற்கு நான் எப்போதும் தயாராக இருப்பவள். யாராவது மழுப்பினால் பிடித்துக் கிழித்துவிடுவேன். ஆனால் ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்து, நாங்கள்தான் கொடுத்தோம் என்று சொன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலில் முள் குத்தி வந்தவனுக்குக் காலையே கேட்கிற நோயை உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றே தம்பியை வார்டின் கோடியில் இருந்த தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் சிவப்பு அட்டை. உள்ளே போகிற யாரும் மேலே ஒரு அங்கி கட்டி, கையுறை போட்டு, வெளியே வந்ததும் கழற்றி வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். இப்போது சோப்பு வந்துவிட்டது. பாட்டிலில் மருந்து வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது? கூட ஒரே ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்களைக் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறினவனைத்தான் ஒதுக்கி வைப்பார்கள், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "எம் புள்ள இன்னாடி தப்பு பண்ணான், ஒதுக்கி வெக்கிறதுக்கு?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

அறை மாற்றும்போது எங்கள் சாமான்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டச் சொன்னார்கள். கேனைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று பயந்து, அம்மா அதைக் காலால் தள்ளிக் காட்டூர்க்காரரின் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டாள். தம்பியோடு நான் இருக்கும் நேரங்களில் அவள் காட்டூர்க்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். கேனும் அங்கேயே இருந்தது, துணியும் அங்கேயே இருந்தது.

பிறகு அவருக்கும் காய்ச்சல் வந்தது.

கிருமிக் கட்டுப்பாட்டைப் பார்க்கிற சிஸ்டர் என்று ஒருவர் வந்தார். ஒல்லியானவர், நடு வயது, சத்தமே இல்லாமல் நடப்பார். கையில் தட்டு நிறையப் பஞ்சுக் குச்சிகள். கட்டில் கம்பியைத் துடைத்து ஒரு குச்சி, கை கழுவும் தொட்டியில் ஒரு குச்சி, பீ.பி. பார்க்கும் பட்டையில் ஒரு குச்சி, மருந்துத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஒரு குச்சி என்று எடுத்துக்கொண்டே வந்தார். நான் வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டூர்க்காரரின் கட்டிலுக்கு அடியில் குனிந்தவர், கேனை வெளியே இழுத்தார்.

"இது யாரோடது?"

"எங்களுதுதான் சிஸ்டர்" என்றாள் அம்மா. மாட்டிக்கொண்டோம் என்கிற பயம் அவளுக்கு இல்லை. "கடல் தண்ணி. மொகத்துவாரத்துல புடிச்சது. புண்ணுக்கு ரொம்ப நல்லது."

"யார் புண்ணுக்கு?"

"எம் புள்ளைக்குத் தொடச்சேன். இப்ப இந்த நைனாவுக்குத் தொடக்கிறேன். பாவம், இதுக்கு யாரும் இல்ல."

சிஸ்டரின் கையில் இருந்த குச்சி அப்படியே நின்றது. "ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணியா? ஒரே துணியா?"

"ஒரே தண்ணிதான், ஒரே துணிதான். நான் எம் புள்ள, ஊரான் புள்ளனு பாகுபாடு பாக்கல சிஸ்டர்."

தன்னை எதற்காகவோ குறை சொல்கிறார்கள் என்று நினைத்து அம்மா இந்தப் பதிலைச் சொன்னாள். எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் நியாயமாக, நேராக நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிஸ்டர் கத்தவில்லை. கேனுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, சோதனைக் குழாயில் போட்டு மூடி, மூடியின் மேல் எழுதினார். கேனை உறை போட்ட கையால் தூக்கிக்கொண்டு போனார்.

சோதனை முடிவு வந்தபோது அந்தச் சிஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தம்பியின் புண்ணில் இருந்த கிருமியே காட்டூர்க்காரரின் காயத்திலும் இருந்தது. கை கழுவும் தொட்டியில் இருந்தது. பீ.பி. பட்டையில் இருந்தது. கேனிலும் இருந்தது.

"கடல் தண்ணியிலயா?" என்றாள் அம்மா. அவளால் நம்பவே முடியவில்லை. "உப்புல எப்டி சிஸ்டர்?"

"கடல்ல இல்லம்மா. கடல்ல இருந்து வரும்போது அது இல்ல. புண்ணைத் தொடச்ச துணியைத் திருப்பித் தண்ணியில நனைச்சீங்க இல்ல, அப்போ போயிருக்கு. இந்தக் கிருமி உப்புக்கெல்லாம் சாகாது. தண்ணி இருந்தா போதும், காத்துக்கிட்டு இருக்கும்."

அம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை ஒரு முறை, புறங்கையை ஒரு முறை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தொட்டியிலயும்தானே இருந்துச்சு? பீ.பி. பட்டையிலயும்தானே? அத எங்கம்மாவா எடுத்துக்கினு கட்டில் கட்டிலா போனாங்க? பாட்டில்ல காத்து வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? எம் தம்பிக்கு மொதல்ல யாரு குடுத்தது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"நீங்க கேட்கிறது நியாயம்தான்" என்றார் சிஸ்டர். "கைவழியாத்தான் போயிருக்கு. எந்தக் கைன்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்க கையா இருக்கலாம். மொதல்ல எங்க கைதான்."

அவர் சொன்னதில் அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை. கேன் என்ற ஒரு வார்த்தையிலேயே அவள் நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வார்டு வேறு வார்டாக மாறியது. கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. படுத்திருந்த ஒவ்வொருவரிடமும் பஞ்சில் ஒற்றி எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி பீ.பி. பட்டை. தொட்டியையே பெயர்த்தெடுத்துப் புதிது வைத்தார்கள். டாக்டராக இருந்தாலும் சரி, கட்டிலைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கையைத் தேய்க்கவில்லை என்றால், அந்த ஒல்லி சிஸ்டர் போய்க் குறுக்கே நிற்பார். மற்ற கட்டில்களுக்கு அது பரவவில்லை என்று பின்னால் சொன்னார்கள். இவ்வளவும் முடியும் என்றால் முன்னாலேயே ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை இன்றைக்கும் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டும்போது எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பழைய மருந்து தம்பிக்குக் கேட்டது. முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, பயமுறுத்திவிட்டு, மெல்லக் காய்ச்சல் இறங்கியது. ஆடுசதையில் பாதி போனாலும் கால் நின்றது. டாக்டர் வந்து சொன்னபோது அம்மா கும்பிட்டாள், ஆனால் அழவில்லை. "பக்கத்துக் கட்டில் நைனாவுக்கு?" என்று கேட்டாள்.

காட்டூர்க்காரருக்குக் கேட்கவில்லை. கம்பி வழியாக எலும்புக்குப் போய், ரத்தத்தில் ஏறிவிட்டது. அவரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை. அடுத்த முறை அம்மா அந்தக் கட்டிலைப் பார்த்தபோது மெத்தையே இல்லை, வெறும் கம்பியை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வாசலில் அவர் மனைவியின் அழுகுரல் கேட்டது. அம்மா படிக்கட்டு வரை ஓடினாள். பாதி இறங்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேற்கொண்டு இறங்கவில்லை.

ஊருக்கு வந்தோம். தம்பி கம்பு ஊன்றி நடந்தான், பிறகு கம்பில்லாமல் நடந்தான். குப்பமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மாதான் வேறு ஆளாகிவிட்டாள். மீன் கூடையைத் தொடவில்லை. எதற்கெடுத்தாலும் கை கழுவினாள். துணிக்குப் போடும் சோப்பில் தேய்த்துத் தேய்த்துப் புறங்கையில் தோல் உரிந்தது. எதிர்வீட்டுக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "எடுடி, வந்து எடுடி இத" என்று என்னைக் கூப்பிடுவாள். ஒரு நாள் படகு வந்து கயிறு வீசினார்கள். எல்லோரும் போய்க் கை வைத்தார்கள். அம்மா முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு மணலில் நின்றாள். "இன்னா, மெட்ராஸ் ஆஸ்பத்திரி பாத்ததுல கை தேஞ்சிடுச்சா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். நான் அவரைத் திட்டிய திட்டில் இன்றுவரை அவர் வீட்டு ஜாக்கெட் எனக்கு வருவதில்லை. அவர் மேல் தப்பில்லை. அம்மா கயிற்றில் கை வைக்காமல் நின்றதைப் பார்த்த அதிர்ச்சியை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது.

காட்டூர்க்காரரின் மனைவி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு பை அரிசி. எல்லாம் தெரிந்துகொண்டு கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது, எப்படிச் சண்டை போடுவது என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது.

அவள் அரிசியை இறக்கி வைத்தாள். "எங்க நெலத்துல வெளஞ்சது பெரிம்மா. அவரு வெதச்சது. ஒங்களுக்குத் தராம நாங்க பொங்கித் தின்னா நல்லாருக்காதுனு எடுத்துக்கினு வந்தேன்." சொல்லிக்கொண்டே முந்தானைக்குள் இருந்த அம்மாவின் கைகளைப் பிடித்து வெளியே எடுத்தாள். அம்மா இழுக்கப் பார்த்தாள். அவள் விடவில்லை. உரிந்துபோன அந்த இரண்டு கைகளையும் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கினீங்களாமே. போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவாரு."

அம்மா கைகளை மெல்ல உருவி மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். காலி கேன். குழந்தையின் தலையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெயில் கட்டிகள், இரண்டு உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கடல் தண்ணி கொஞ்சம் புடிச்சிக் குடுங்க பெரிம்மா. அதுல தொடச்சாதான் எரிச்சல் அடங்குது, பெரிம்மா கை பட்டாலே ஆறிடுதுனு சொல்லிக்கினே இருந்தாரு. புள்ளைக்கும் தொடச்சிப் பாக்கலாம்னு."

அம்மா அந்தக் கேனைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரும்மா. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். முகத்துவாரத்தில் பிடித்ததிலிருந்து சொன்னாள். எந்தத் துணி, எப்படி நனைத்தாள், எங்கே ஒளித்தாள், சிஸ்டர் என்ன சொன்னார், எதையும் விடவில்லை. நடுவில் நான், "தொட்டியிலயும் இருந்துச்சும்மா, பீ.பி. பட்டையிலயும்..." என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "எங்கையாலதான் போயிருக்கும்மா. நல்லதுனு நெனச்சுதான் செஞ்சேன். எங்கையாலதான்" என்று முடித்தாள்.

அந்தப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. குழந்தை அரிசிப் பையைக் கையால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல எழுந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலேயே பேசினாள்.

"ஆனா அவரத் தொடுறதுக்கு வேற யாருமே வரலியே பெரிம்மா."

அப்படியே இறங்கிப் பஸ் வரும் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். அம்மா அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.